கூம்பின் முன் நால்வர்: கிறிஸ்துமஸ் பாமாலைகளின் தொடக்ககால ஒலிப்பதிவுகள்

கிறிஸ்துமஸ் காலப் பாமாலைகளின் பழைய ஒலிப்பதிவுகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றைத் தொகுத்து நோக்கினால் அவை பெரும்பாலும் இருவகைப்பட்டன என்பது தெரியவரும். ஒருவகை பட்டியல் சார்ந்தது. எந்தப் பாடலை எந்தக் குழு எந்த ஆண்டில் முதன்முதலாகப் பதிவு செய்தது என்னும் வினாவோடு தொடங்கி அவ்வினாவோடே முடிந்துவிடுவது. மற்றொரு வகை ஏக்கம் சார்ந்தது. இரைச்சலுக்கிடையே மங்கலாக எழும் குரல்களைப் பாட்டன் பாட்டி காலத்து நினைவுப் பொருளாகப் போற்றுவது. பாடியவர்கள் அப்பாடலை எவ்வாறு பொருள்கொண்டனர், பாட்டு அவர்கள் வாயில் என்னவாயிற்று என்ற கேள்வியை இவ்விரண்டுமே எழுப்புவதில்லை. ஒரு செய்யுளை அணுகும்போது நாம் கேட்கும் வினாக்களை ஓர் இசைத்தட்டை அணுகும்போது கேட்கக் கூடாது என்பதற்குக் காரணம் எதுவும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

அவ்வினாக்களைக் கேட்பதற்கு இன்று தடையும் இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாந்தா பார்பரா வளாக நூலகம் 2005ஆம் ஆண்டு தொடங்கித் தன்னிடமுள்ள ஆயிரக்கணக்கான மெழுகுருளைகளை எண்ணிமப்படுத்திப் பொதுமக்கள் கேட்குமாறு செய்துள்ளது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2011ஆம் ஆண்டில் விக்டர் நிறுவனத்தின் பதிவுகள் பத்தாயிரத்திற்கும் மேற்பட்டவற்றை அவ்வாறே திறந்துவைத்தது. 2018இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, 1923ஆம் ஆண்டிற்கு முன் வெளியான ஒலிப்பதிவுகள் அனைத்தும் 1.1.2022 முதல் பொதுவுடைமையாயின. முன்பு சேகரிப்பாளர் சிலரின் பேழைகளில் கிடந்தவை இப்பொழுது எந்த மாணவனின் கைக்கும் எட்டுகின்றன. ஆகவே, 1900 முதல் 1925 வரையிலான அமெரிக்கப் பதிவுகளை, குறிப்பாக நால்வர் குழுக்களும் பிற பாடற்குழுக்களும் பாடியவற்றை, இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

சொல் பற்றி ஒரு குறிப்பு. மேனாட்டு மெட்டில் அமைந்து சபையார் அனைவரும் சேர்ந்து பாடுதற்குரிய பாடலைத் தமிழ்க் கிறித்தவர் 'பாமாலை' என்றும், நம் இசைமரபில் அமைந்ததைக் 'கீர்த்தனை' என்றும் வேறுபடுத்தி வழங்குவர். இவ்வேறுபாடு நமக்குப் பயன்படுகிறது. பாமாலையின் இலக்கணம் அதன் மெட்டிலோ சொல்லிலோ மட்டும் இல்லை. அது பலரால் ஒருங்கே பாடப்படுவதில் உள்ளது. கேட்போர் என்று ஒரு தனிக் கூட்டம் அதற்குக் கிடையாது. பாடுவோரே கேட்போர். அத்தகைய ஒன்றை, விலைக்கு வாங்கி வீட்டு மேசையில் சுழலவிட்டு வாய்மூடிக் கேட்கும் பொருளாக மாற்றியபோது நிகழ்ந்தது என்ன என்பதே இங்குள்ள சிக்கல்.

கருவியும் குரலும்

1925ஆம் ஆண்டு வரை ஒலிவாங்கி என்பது பதிவுக்கூடத்தில் இல்லை. பாடுவோர் பெரியதொரு கூம்பின் வாயை நோக்கி நின்று பாடினர். குரலின் அதிர்வு கூம்பின் குறுகிய முனையிலிருந்த மெல்லிய தகட்டை அசைக்க, தகட்டோடு இணைந்த ஊசி சுழலும் மெழுகில் வரி கீறியது. இடையில் மின்சாரத்தின் உதவி எதுவும் இல்லை. பாடுவோரின் மூச்சே ஊசியைத் தள்ளியது எனலாம். இம்முறையில் ஏறத்தாழ 200 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளே ஓரளவு செவ்வையாகப் பதிந்தன. ஆழ்ந்த ஒலிகள் மெலிந்தன. உயர்ந்த ஒலிகள் மறைந்தன. பெண்களின் உச்சக்குரல் திடீரென ஓங்கினால் ஊசி தடம்புரண்டு மெழுகைக் கெடுத்துவிடும் என்பதால், அவ்விடம் வரும்போது பாடகியர் பின்னே சாயவோ முகத்தைத் திருப்பவோ வேண்டியிருந்தது. வயலின் போதிய அளவு கேட்காமையால் அதற்குத் தகரக் கூம்பு பொருத்திய ஸ்ட்ரோ வயலினைப் பயன்படுத்தினர்.

இச்சூழலில் ஆண்கள் நால்வர் சேர்ந்து பாடும் குழு ஏன் அத்துணைச் செல்வாக்குப் பெற்றது என்பது விளங்கும். நான்கு ஆண்குரல்களின் எல்லையும் கூம்பு ஏற்கும் எல்லைக்குள் பெரும்பாலும் அடங்கியது. நால்வரும் தோளோடு தோள் உரச ஒரே கூம்பின் முன் நிற்க முடிந்தது. நாற்பது பேர் கொண்ட தேவாலயப் பாடகர் குழுவை நிறுத்தினால் முன்வரிசையினர் மட்டுமே கேட்பர். மற்றவர் வெறும் முழக்கமாகக் கரைந்துபோவர். எனவே கருவியே தனக்கேற்ற குழுவைத் தேர்ந்தெடுத்தது என்று கூறுவது மிகையாகாது. அமெரிக்கர் அக்காலத்தில் நால்வர் பாடலை விரும்பினர் என்று மட்டும் எழுதிச் செல்வோர் இக்காரணத்தைக் கருதுவதில்லை.

ஆனால் பாமாலைப் புத்தகத்தில் அச்சாகியிருந்த இசையமைப்பு ஆண்கள் நால்வருக்குரியதன்று. அது பெண்குரல் இரண்டும் ஆண்குரல் இரண்டும் கொண்ட கலப்புக் குழுவிற்கு அமைந்தது. மெட்டு எல்லாவற்றிற்கும் மேலே சோப்ரானோக் குரலில் மிதந்து செல்வது. ஆண்கள் நால்வர் அதனைப் பாட வேண்டுமாயின் நான்கு இழைகளையும் நெருக்கிக் கட்ட வேண்டும். விரிந்த கூரையின் கீழ் ஒலிக்க வேண்டியது ஓர் அறைக்குள் முணுமுணுக்கும் நெருக்கத்தைப் பெற்றுவிடும். இது குறையா, நிறையா என்பதைப் பாடலுக்குப் பாடல் பார்த்தே சொல்ல வேண்டும். எடிசன் நிறுவனம் இருபாலாரும் கலந்த நால்வர் குழுவையும் வைத்துப் பாமாலைகளைப் பதிந்தது. அவை புத்தகத்திற்கு நெருக்கமானவை. ஆனால் மேற்குரல் தனித்து முன்னே துருத்திக்கொண்டு நிற்பதால், நால்வர் பாடுகின்றனர் என்பதைவிட ஒருத்தி பாட மூவர் துணைநிற்கின்றனர் என்ற எண்ணமே எழுகிறது.

இக்குழுக்களுள் தலைமையிடம் ஹைடன் நால்வருக்கு உரியது. எடிசனுக்குப் பாடும்போது எடிசன் ஆண்கள் நால்வர் என்றும், பிற நிறுவனங்களுக்குப் பாடும்போது ஹைடன் நால்வர் என்றும் ஒரே குழுவினர் இரு பெயர்களில் விளங்கினர். ஜான் பீலிங், ஹாரி மக்டனா, எஸ்.எச். டட்லி, வில்லியம் ஹூலி ஆகியோர் அதன் புகழ்பெற்ற காலத்து உறுப்பினர். இவர்களுள் பீலிங் இளமையில் வண்ணக் கண்ணாடிப் பட்டறையில் தொழில் செய்தவர். அங்கு உடன் உழைத்தோருடன் சேர்ந்தே நால்வர் பாடலில் பழகினார். தேவாலயச் சாளரத்திற்குக் கண்ணாடி வெட்டிய கை என்று எண்ணும்போது ஓர் உவகை தோன்றுகிறது. ஆயினும் அதைக்கொண்டு அவர் பாட்டிற்குப் பக்திச் சாயம் பூச வேண்டியதில்லை. இவர்கள் கூலிக்குப் பாடியவர்கள், தொழில் தெரிந்தவர்கள்.

ஒரு தாலாட்டை ஓங்கிப் பாடுதல்

1905ஆம் ஆண்டு ஹைடன் நால்வர் விக்டர் நிறுவனத்திற்காக 'சைலண்ட் நைட்' பாடலைப் பதிவு செய்தனர். இத்தட்டையே நாம் சற்று விரிவாக நோக்க விரும்புகிறோம்.

இப்பாடலின் வரலாறு பலரும் அறிந்தது. ஆயினும் அதில் ஒரு கூறு போதிய கவனம் பெறவில்லை. யோசெப் மோர் என்னும் குருவானவர் 1816இல் எழுதிய ஆறு கண்ணிகளுக்கு, பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் சேவர் குரூபர் 1818இல் மெட்டமைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் சால்ஸ்பர்க் அருகே ஒபெர்ன்டோர்ப் ஊர்த் தேவாலயத்தில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. பாடியவர் இருவர், துணைக்கருவி கித்தார், ஒவ்வொரு கண்ணியின் இறுதியையும் பாடகர் குழு திருப்பிப் பாடியது. ஆர்கனை எலி கடித்துவிட்டதால் கித்தாரை எடுத்தனர் என்னும் கதைக்குச் சான்று கிடையாது. ஆனால் கதை சான்றைவிட நீண்டநாள் வாழ்கிறது. இதன்பின் அப்பாடலை ஊரூராகக் கொண்டுசென்றவர்கள் திருச்சபையார் அல்லர். திரோல் பகுதியின் ஸ்திராசர், ரைனர் என்னும் பாடற்குடும்பங்களே அதனைப் பரப்பின. கையுறை வணிகத்தோடு பாட்டையும் சேர்த்து நடத்திய ஸ்திராசர் குடும்பத்தார் லைப்சிக் நகரில் பாடினர். ரைனர் குடும்பத்தார் 1839ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது நியூயார்க் நகரின் திரினிட்டி தேவாலயத்தருகே பாடி அமெரிக்கருக்கு அதனை அறிமுகம் செய்தனர். இருபது ஆண்டுகள் கழித்து, 1859இல், அதே தேவாலயத்தைச் சார்ந்த ஜான் பிரீமன் யங் மூன்று கண்ணிகளை ஆங்கிலமாக்கினார். ஆக, இப்பாடல் கட்டணம் பெற்றுப் பாடும் சிறுகுழுவின் வாயிலாகவே உலகுக்கு வந்தது. 1905இல் நால்வர் கூம்பின் முன் நின்று இதனைப் பாடியது மரபை மீறிய செயலன்று. ஒருவகையில் மரபுக்குத் திரும்பிய செயலே. சபையார் பாடும் பாமாலையாக அது நிலைபெற்றதுதான் இடையில் நிகழ்ந்த மாற்றம்.

பாடல் ஒரு தாலாட்டு. அதன் அசைவு தொட்டில் அசைவு. அது மென்மையைக் கோருகிறது. கூம்போ மென்மையை ஏற்காது. மெல்லப் பாடினால் ஊசி அசையாது. அசையாத ஊசி எழுதுவது வெறும் இரைச்சலையே. எனவே நால்வரும் முழுக்குரலில் பாடியே ஆக வேண்டும். உறங்கும் குழந்தையின் அருகே ஓங்கிப் பாடும் இம்முரணை எவ்வாறு கடப்பது? குரலின் அளவைக் குறைக்க இயலாத நிலையில், நடையைத் தாழ்த்துவதும் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வெட்டாமல் வழுக்கிச் செல்வதும் நான்கு குரல்களையும் ஒன்றன்மேல் ஒன்று படியவைப்பதுமே அவர்களுக்கு எஞ்சிய வழிகள். இன்றைய செவிக்கு அவ்வழுக்கல் மிகையாகப் படும். சுவைக்குறைவு என்று அதனைத் தள்ளிவிடுவோரும் உளர். மென்மை என்னும் பொருளை, மென்மையான ஒலி இல்லாமலே உணர்த்த அவர்கள் கண்ட வழி அது என்பதை உணர்ந்தால் அத்தீர்ப்பு மாறும் என்பது நம் கருத்து.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. பாடலின் ஆங்கிலத் தொடக்கச் சொல் ஸகர மெய்யில் தொடங்குகிறது. ஸகரத்தின் ஆற்றல் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயே உள்ளது. கூம்புக்கோ அவ்வெல்லை எட்டாது. ஆகவே அப்பாடலின் முதல் ஒலியே அக்காலத் தட்டு எதிலும் பதிய இயலாத ஒலியாகும். தட்டில் இருப்பது ஸகரம் இழந்த ஓர் உயிர் மட்டுமே. ஆனால் 1905இல் அதைக் கேட்டவர் எவரும் அதை உணர்ந்திருக்க மாட்டார். இன்று கேட்கும் நாமும் உணர்வதில்லை. காரணம், பாடல் நமக்கு முன்பே தெரியும். இல்லாத ஒலியை நம் நினைவு இட்டு நிரப்பிவிடுகிறது. மூன்று கண்ணிகளும் முழுமையாக இல்லாதவிடத்தும், தாழ்குரல் மங்கிப்போனவிடத்தும் நிரப்புவது நாமே.

தொல்காப்பியம் செய்யுளுறுப்புகளுள் ஒன்றாக எச்சத்தை எண்ணுகிறது. செய்யுளில் வெளிப்படக் கூறாது விட்டது சொல்லாகவோ குறிப்பாகவோ கேட்போரிடத்து நிறைவெய்துவதை அது ஓர் உறுப்பாகவே கொள்கிறது, குறையாகக் கொள்ளவில்லை. கூம்புக்காலப் பாமாலைத் தட்டைத் திறனாய்வதற்கு இதனினும் பொருத்தமான கருவி மேனாட்டுக் கோட்பாடுகளில் நமக்குக் கிடைக்கவில்லை. வால்டர் பெஞ்சமின் 1936இல் வெளியிட்ட கட்டுரையை இத்துறையில் மேற்கோள் காட்டாதார் அரியர். இயந்திரப் படியாக்கம் மூலப்படைப்பின் தனித்த ஒளியைக் கரைக்கிறது என்பது அவர் கருத்து. ஆனால் பாமாலைக்கு மூலப்படி எது? ஒவ்வொரு சபையும் ஒவ்வொரு ஞாயிறும் பாடுவது ஒரு படியே. கரைவதற்குரிய ஒளி அதற்கு முதலிலிருந்தே இல்லை. அதற்கு இருந்தது வேறொன்று: பலர் வாயில் மனப்பாடமாக இருத்தல். கூம்புக்காலத் தட்டு அந்த மனப்பாடத்தின்மேல் சாய்ந்துதான் நிற்க முடிந்தது. பாடத் தெரிந்த ஒரு சமூகம் வெளியே இருந்ததால்தான் அரைகுறை ஒலி முழுப்பாட்டாயிற்று.

கண்ணிகளைக் குறைத்தல் பற்றியும் இங்கே ஒரு சொல். எடிசனின் மெழுகுருளை ஏறத்தாழ இரண்டு நிமிடமே ஓடும். 1908இல் வந்த அம்பரோல் உருளை நான்கு நிமிடம் ஓடிற்று. பத்து அங்குலத் தட்டுக்கு மூன்று நிமிடமளவே எல்லை. இதனால் பாமாலைகள் சிதைக்கப்பட்டன என்று வருந்துவோர், 'ஹார்க் தி ஹெரல்ட் ஏஞ்சல்ஸ் சிங்' பாடலின் வரலாற்றைப் பார்த்தல் நலம். சார்லஸ் வெஸ்லி அதனை 1739இல் வெளியிட்டபோது தொடக்க வரியே வேறு. ஜார்ஜ் விட்ஃபீல்டு 1753இல் அதை மாற்றினார். இன்று பாடப்படும் மெட்டு, அச்சுக்கலையின் நானூறாம் ஆண்டு விழாவுக்காக மெண்டல்சன் 1840இல் எழுதிய ஓர் இசைக்கோவையிலிருந்து, அவர் மறைவுக்குப் பின் வில்லியம் கம்மிங்ஸ் என்பவரால் எடுத்து ஒட்டப்பட்டது. அம்மெட்டு சமயப் பாடலுக்குப் பொருந்தாது என்றே மெண்டல்சன் கருதியிருந்தார். வெட்டியும் ஒட்டியும் வளர்ந்த பாடலை உருளை இன்னொரு முறை வெட்டியது, அவ்வளவே.

பெயர்களும் பெயரின்மையும்

பாடியவர் யார் என்ற வினாவிற்கு வருவோம். விக்டர் பட்டியலில் 'திரினிட்டி பாடகர் குழு' என்ற பெயரில் பாமாலைகள் பல உள்ளன. அது எந்தத் தேவாலயத்தின் குழுவும் அன்று. நிறுவனம் தன் கூடத்துப் பாடகர்களுக்குச் சூட்டிய பெயர். காலத்திற்கேற்ப ஆட்கள் மாறினர். பெயர் மட்டும் நிலைத்தது. எடிசனுக்காகச் சமயப் பாடல்களை இணைந்து பாடிய ஹாரி ஆண்டனி, ஜேம்ஸ் ஹாரிசன் என்போரின் உண்மைப் பெயர்கள் ஜான் யங், பிரடெரிக் வீலர். பியர்லெஸ் நால்வரை 1910இல் மறையும் வரை நடத்திய பிராங்க் ஸ்டான்லியும், அவருக்குப் பின் நடத்திய ஹென்றி பர்ரும் புனைபெயரினரே. ஹைடன் குழுவின் டட்லியும் அவ்வாறே. சாமுவேல் ஹாலண்டு ரவுஸ் என்பது அவர் இயற்பெயர். பின்னாளில் அவர் விக்டர் நிறுவனத்தின் பட்டியல் தொகுப்பாளராகி, இசைநாடகங்கள் பற்றிய அந்நிறுவனத்தின் கையேட்டையும் எழுதினார். தான் பாடிய தட்டுகளுக்குத் தானே பட்டியல் எழுதிய பாடகர் வேறு எவரேனும் உண்டோ என்று வியக்கத் தோன்றுகிறது.

'திரினிட்டி' என்ற பெயர் வாங்குவோருக்குத் தந்த நம்பிக்கை பொய் நம்பிக்கை என்று கடிந்துரைக்கலாம். இதில் நாம் சற்று மாறுபடுகிறோம். பாமாலை பாடும் சபையில் எவருக்கும் பெயர் கிடையாது. பெயரற்ற குழு என்னும் உத்தியை வணிகம் தன் வசதிக்காகக் கையாண்டது உண்மையே. எனினும் அது பாமாலையின் இயல்புக்குப் பிற்காலத்து நட்சத்திரப் பாடகரின் பெயரைவிட நெருக்கமாக இருந்தது.

மன்னிக்க இயலாதது வேறொன்று. கிறிஸ்துமஸ் பாமாலையைப் பாடிய அதே நால்வர், அதே கூடத்தில், கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் 'மின்ஸ்திரல்' வகைப் பாடல்களையும் ஏராளமாகப் பதிவு செய்தனர். அவை அன்று மிக விற்பனையான சரக்கு. கிறிஸ்துமஸ் தொகுப்புகளை வெளியிடுவோர் இதனைக் குறிப்பிடுவதில்லை. அதே காலத்தில் கறுப்பினத்தாரின் நால்வர் குழுக்கள் கூம்பின் முன் வர நேர்ந்தது அரிதாகவே. 1902இல் டின்விடி நால்வர் விக்டருக்காகச் சில பக்திப் பாடல்களைப் பதிந்தனர். நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழக நால்வர், ஜான் வொர்க் தலைமையில், 1909 டிசம்பரில் பதிவு செய்தனர். இவற்றையும் ஹைடன் நால்வரின் பாமாலையையும் அடுத்தடுத்துக் கேட்பது ஒரு பாடமாகும். ஃபிஸ்க் குழுவினரும் பயின்ற முறைமையோடு, மேனாட்டு ஒத்திசைவு பிறழாமல் பாடுகின்றனர். ஆனால் ஒருவர் அழைக்க மற்றவர் விடையளிக்கும் அவர்களது அமைப்பில் சபை என்பது பாட்டின் உள்ளேயே இருக்கிறது. ஹைடன் நால்வரின் பாட்டில் சபை வெளியே, கேட்போரின் நினைவில் இருக்கிறது. கலை என்ற அளவில் மேம்பட்டது எது என்று நம்மைக் கேட்டால், ஃபிஸ்க் பதிவே என்போம்.

சூசாவின் அச்சமும் 4,850 குரல்களும்

வாத்திய இசைத்தலைவர் ஜான் பிலிப் சூசா 1906இல் இயந்திர இசையின் தீங்கு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாடும் பழக்கம் வீட்டிலிருந்து மறையும், மக்களின் தொண்டை வலுவிழக்கும் என்பது அவர் அச்சம். அவர் பெயர் தாங்கிய குழுவே தட்டுகளை விற்றுவந்தது என்பதைக் காட்டி அவரை எள்ளுவது எளிது. ஆயினும் அவர் கேட்டது உண்மையான கேள்வி. கூம்புக்காலம் அவருக்கு முழு விடை தரவில்லை. தட்டு குறையுடையதாய் இருந்த வரை கேட்போர் வாயடைத்துப்போகத் தேவையில்லாமல் இருந்தது. விடை 1925இல் வந்தது.

அவ்வாண்டு மார்ச் 31ஆம் நாள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கில் அமெரிக்க ஆண்பாடகர் சங்கங்கள் பதினைந்து கூடின. பாடியோர் 850 பேர். கொலம்பியா நிறுவனம் புதிய மின்முறையில், ஒலிவாங்கிகளைக் கொண்டு அந்நிகழ்ச்சியைப் பதிவு செய்தது. 'அதெஸ்தே ஃபிதேலெஸ்' பாடலில் அரங்கத்தினரும் சேர்ந்துகொள்ள, 4,850 குரல்கள் என்று அந்நிறுவனம் தட்டில் அறிவித்தது. அவ்வாண்டின் நடுவில் வெளியான அத்தட்டு மின்பதிவின் வெற்றிக்கொடியாகக் கொண்டாடப்பட்டது. இன்றும் வரலாறுகளில் அவ்வாறே குறிக்கப்படுகிறது. நாள் மார்ச் 31 என்பதை எவரும் நின்று நோக்குவதில்லை. 1925இல் உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 12இல் வந்தது. எனவே பாடகர் கூடியது தவக்காலத்தின் நடுவே. கிறிஸ்துமஸ் பாமாலை, தவக்காலத்தில், இசைநாடக அரங்கில், அளவைக் காட்டுவதற்காகப் பாடப்பட்டது.

பாமாலை வரலாற்றில் முதன்முறையாகப் பெருந்திரள் ஒன்று தன் அளவிலேயே தட்டில் ஒலித்தது என்பதை மறுப்பதற்கில்லை. அரங்கின் எதிரொலி கேட்கிறது. திரள் மூச்செடுப்பது தெரிகிறது. ஓர் இடம் இருக்கிறது. கூம்புக்காலத் தட்டில் இடம் என்பதே கிடையாது. இருந்தும் இத்தட்டு நம்மைப் பாடத் தூண்டுவதில்லை, வியக்கத் தூண்டுகிறது. நிரப்புவதற்கு அதில் எச்சம் எதுவுமில்லை. நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பதுக்கு மேல் இன்னொரு குரல் எதற்கு? சபையைப் பதிவு செய்ய முடிந்த நாளிலேயே சபை காட்சிப்பொருளாயிற்று என்று கூறத் தோன்றுகிறது. இத்தீர்ப்பு கடுமையானது என்பாரும் இருக்கலாம். இரு தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டபின் அவர்கள் மறுத்துரைக்கட்டும்.

ஒலிவாங்கி மற்றொரு மாற்றத்தையும் கொணர்ந்தது. மெல்லப் பாடினாலும் பதியும் என்றானபின் ஓங்கிப் பாடுவோருக்கு வேலை குறைந்தது. ஹைடன் நால்வர் 1914லேயே கலைந்துவிட்டிருந்தனர். பியர்லெஸ் குழு 1920களின் இறுதியில் மறைந்தது. 1935இல் பிங் கிராஸ்பி 'சைலண்ட் நைட்' பாடலை டெக்கா நிறுவனத்திற்காகப் பாடியபோது தாலாட்டு தாலாட்டாகவே பதிவாயிற்று. பாடற்குழு அவர் பின்னே மெத்தையாக விரிக்கப்பட்டது. அழகான பதிவு அது, ஐயமில்லை. ஆனால் அதற்குப்பின் அப்பாடலுக்கு ஒரு குரல் வந்துவிட்டது; சபையாரும் அவரைப்போலப் பாட முயன்றனர்.

கேட்கும் முறை

இறுதியாக, இத்துறையில் புகும் மாணவருக்குப் பயன்படக்கூடிய இரண்டு செய்திகள். எழுபத்தெட்டுச் சுற்று என்று நாம் பொதுவாக வழங்கினாலும் கூம்புக்காலத் தட்டுகள் அவ்வேகத்தில்தான் பதியப்பட்டன என்பதில்லை. நிமிடத்திற்கு எழுபது சுற்றுக்குச் சற்று மேற்பட்டது முதல் எண்பதைக் கடந்தது வரை வேறுபாடு உண்டு. 74 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைச்சுரம் உயரும், நடையும் விரையும், நால்வர் பதற்றத்தோடு பாடுவது போலத் தோன்றும். 'அக்காலத்தார் விரைந்து பாடினர்' என்று எழுதப்பட்ட தீர்ப்புகளுள் சில சுழல்மேசையின் பிழையாகவே இருக்கக்கூடும். மற்றொன்று, இரைச்சல் நீக்கம். இரைச்சலை அகற்றும் மென்பொருள், இரைச்சலோடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய மெய்யொலிகளையும் அகற்றிவிடுகிறது. கூம்பு விட்டுவைத்த எச்சத்தையும் துடைத்து, பஞ்சு பொதிந்த உயிரொலிகளை மட்டும் தரும் 'தூய்மைப்படுத்தப்பட்ட' தொகுப்புகளைத் திறனாய்வுக்கு அடிப்படையாகக் கொள்ளலாகாது. நூலகங்கள் தரும் தொடாத படியையே கேட்க வேண்டும்.

இந்தியவியல் துறை இதழில் இவற்றைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கெய்ஸ்பர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்ததும், மறு ஆண்டில் சிங்கப்பூரில் பதிவு நடத்தியதும் இதே கூம்பு, இதே மெழுகு கொண்டுதான். தட்டின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே ஆங்கிலத்தில் அறிவித்தமை, ஜெர்மனியின் ஹனோவர் ஆலையில் தட்டு அச்சிடுவோர் அடையாளம் காண்பதற்காக என்பர். அமெரிக்க உருளைகளின் தொடக்கத்திலும் அறிவிப்பாளர் ஒருவர் பாடலையும் குழுவையும் கூவி அறிவிப்பதுண்டு. தமிழ் இசைத்தட்டுகளின் தொடக்ககாலத்தைப் பற்றி எழுதும் நம்மவர், பாடகரின் பிருகாவையும் சௌக்கத்தையும் பற்றித் தீர்ப்புரைக்கும்போது எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டனர் என்பதைக் குறிப்பதில்லை. மூன்று நிமிட எல்லையால் சரணங்கள் விடுபட்டமை பற்றி மட்டும் விரிவாக எழுதுகின்றனர். வேகத்தை ஒரு வரியில் குறித்தால் போதும். அதன்பின் அத்தீர்ப்பைப் பிறர் சரிபார்க்க இயலும்.